பத்து நிமிடச் சந்திப்பில் பிறந்த கைத்தொழில்

ஆராய்ச்சிக்கூடம் வேறு, அங்காடி வேறு என்பதே நெடுங்காலமாக நிலவிவந்த கருத்தாகும். உண்மையை நாடுபவர் விஞ்ஞானி. ஊதியத்தை நாடுபவர் வணிகர். இவ்விருவரும் ஒருங்கே அமர்ந்து திட்டம் வகுத்ததால் விளைந்த பயனை ஜெனென்ரெக் கம்பனியின் வரலாறு எடுத்துக்காட்டுகின்றது.

ஓர் உயிரின் பரம்பரையலகைப் பற்றீரியாவினுட் புகுத்திப் பெருக்கும் வழியினை அமெரிக்க விஞ்ஞானிகளான ஹேர்பேட் போயரும் ஸ்ரான்லி கோயனும் 1973 இல் தம் சகாக்களோடு கண்டறிந்தனர். இது மருந்தாகப் பயன்படப் பல்லாண்டுகள் செல்லும் என்றே அறிஞர் பலரும் எண்ணினர். றொபேட் சுவான்சன் என்னும் இருபத்தெட்டு வயது இளைஞரோ அவ்வாறு எண்ணவில்லை. வேலையிழந்திருந்த அவர், 1976 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் போயரிடம் பத்து நிமிடம் கேட்டுச் சென்றார். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. ஆளுக்கு 500 டொலர் இட்டுத் தொடங்கிய முயற்சி, ஏப்ரல் 7 ஆம் திகதி கம்பனியாகப் பதிவுபெற்றது. கிளைனர் பேர்க்கின்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் 100,000 டொலர் வழங்கியது.

அப்பணத்தைக் கொண்டு அவர்கள் கட்டடம் எழுப்பவில்லை. போயரின் பல்கலைக்கழகத்தோடும், சிற்றி ஒவ் ஹோப் மருத்துவ நிலையத்தோடும் ஒப்பந்தஞ் செய்து, அங்கிருந்த ஆய்வுகூடங்களிலேயே வேலையைத் தொடங்கினர். முயற்சி தோற்பினும் இழப்புச் சிறிதாகவே இருக்கும் என்பது கணக்கு.

அவர்களின் குறி இன்சுலின். அக்காலத்தில் நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலின், பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்தே எடுக்கப்பட்டது. சுவான்சன் நேரே இன்சுலினை நாடவே விரும்பினார், விஞ்ஞானிகள் தடுத்தனர். இன்சுலினில் அமினோ அமிலங்கள் 51. சோமற்றோஸ்ரற்றின் என்னும் ஓமோனிலோ 14 மட்டுமே. சிறியதில் வழியை நிறுவிய பின்னரே பெரியதைத் தொடவேண்டும் என்றனர். சுவான்சன் இணங்கினார்.

1977 ஜூனில் நடந்த முதற் பரிசோதனை தோல்வியுற்றது, ஓமோன் அகப்படவேயில்லை. சுவான்சன் பெரிதும் கலங்கினார். பற்றீரியாவே அச்சிறு புரதத்தைச் சிதைத்துவிடுகின்றது என உணர்ந்த விஞ்ஞானிகள், அதனை வேறொரு பெரும் புரதத்தோடு பிணைத்து வளர்த்து, பின்னர் இரசாயன முறையால் வெட்டியெடுத்தனர். ஆகஸ்ட் மாதத்தில் வெற்றி கிட்டியது. நேரே இன்சுலினைத் தொட்டிருந்தால், இதே இடையூறு பெருஞ் செலவின் பின்னரே வெளிப்பட்டிருக்கும்.

1978 ஆகஸ்டில் மனித இன்சுலின் பற்றீரியாவின் துணையால் உருவாயிற்று. அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்து விற்கும் பொறுப்பினை ஈலாய் லில்லி கம்பனி ஏற்றது. ஜெனென்ரெக் உரிமைப் பங்கு பெற்றது. 1980 ஒக்டோபர் 14 இல் 35 டொலருக்கு வெளியிடப்பட்ட பங்கு, அன்றே 88 டொலர் வரை ஏறிற்று. அன்று அக்கம்பனிக்குத் தன் பெயரால் விற்க ஒரு மருந்தேனும் இருக்கவில்லை. 1982 இல் அமெரிக்க அரசு மனித இன்சுலினை அங்கீகரித்தது.

விஞ்ஞானத்தை விலைப்படுத்தினார் எனப் போயரைப் பழித்தோரும் உளர். அப்பழி முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. பொதுப்பணத்தில் வளர்ந்த அறிவின் பயன் யாருக்குரியது என்னும் வினா இன்றும் நிற்கின்றது. ஆயினும், நோயாளரின் இன்சுலின் விலங்குச் சதையியை நம்பியிருந்த நிலை மாறியதற்கு, துணிவோடு கூடிய இத்திட்டமே வழிகோலிற்று என்பதும் மறுக்கவியலாத உண்மையாகும்.