கழித்த பின் எஞ்சுவது: ஆசிய, அமெரிக்க இணையப் பழக்கங்களில் பண்பாட்டின் பங்கு

ஆசியர் கூட்டமாக வாழ்கிறவர்கள், அமெரிக்கர் தனித்து நிற்பவர்கள், இணையத்திலும் அவரவர் இயல்புப்படியே நடந்துகொள்கிறார்கள் என்ற விளக்கம் தகவல்தொடர்பு ஆய்வுகளில் நெடுநாளாகப் புழங்கிவருகிறது. அதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஹீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980-இல் வெளியிட்ட நூல். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்பைக் கொண்டு அவர் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, அதுவே முதலிடம். இணையம் பொதுமக்களை எட்டாத காலத்தில் ஒரே நிறுவனத்தின் சம்பளக்காரர்களிடம் எடுத்த அளவுகோல் அது. அதைக் கொண்டு இன்றைய செல்போன் பழக்கத்தை அளப்பவர்களுக்குக் கொஞ்சமாவது தயக்கம் வந்திருக்க வேண்டும். பல கட்டுரைகளில் அது தென்படுவதில்லை.

பண்பாட்டு வேறுபாடு இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒரு பழக்கத்தைப் பண்பாட்டின் கணக்கில் எழுதும் முன், கட்டணம், சட்டம், ஏற்கெனவே இருந்த ஏற்பாடு ஆகிய மூன்றையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். கழித்த பின்னும் எஞ்சுவதைத்தான் பண்பாடு என்று கூற முடியும். அப்படி எஞ்சுவது சிறிதாகவே இருக்கும், ஆசியா, அமெரிக்கா என்ற கோட்டின் வழியே அது பிரிவதும் அரிது.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அதிவேக இணையம் வீடுதோறும் பரவியதில் உலகுக்கே முன்னால் நின்ற நாடு அது. ஆனால் மற்ற நாடுகளில் மக்கள் வேறு உலாவிகளுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கொரியர்கள் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே கட்டிக்கொண்டு அழுதார்கள். வங்கிக் கணக்கைப் பார்க்க, வரி கட்ட, கடையில் பொருள் வாங்க என எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரோடு ஒத்துப்போகும் கன்ஃபூசிய மனப்பான்மை என்று இதை விளக்கிவிடுவது எளிது. நடந்தது வேறு. 1990-களில் வலுவான குறியாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்க அரசு தடை விதித்திருந்தது. வெளிநாடுகளுக்குப் போன உலாவிகளில் 40 பிட் சாவி மட்டுமே இருந்தது. அதை நம்பி வங்கித் தொழில் நடத்த முடியாது என்று கொரிய அரசின் தகவல் பாதுகாப்பு முகமை 1998-இல் சீட் என்ற 128 பிட் குறியாக்க முறையை உருவாக்கியது. உலாவிகளுக்கு அந்த முறை தெரியாது. ஆகவே ஆக்டிவ்எக்ஸ் என்ற செருகுநிரல் வழியே அதைப் பயனரின் கணினியில் இறக்க வேண்டியிருந்தது. ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் ஓடும். 1999-இல் மின்கையொப்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு அங்கீகரித்த சான்றிதழ் கணினியிலோ யுஎஸ்பி குச்சியிலோ இருந்தால்தான் வங்கி உள்ளே விட்டது. பணம் அனுப்ப உட்காருகிறவர் முதலில் விசைப்பலகைப் பாதுகாப்பு நிரல் ஒன்று, தீச்சுவர் ஒன்று, சான்றிதழ் நிரல் ஒன்று என்று வரிசையாக நிறுவி, ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ என்று அழுத்தி, கணினியை அணைத்துப் போட்டு, பிறகு தொடங்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2000 ஜனவரியிலேயே அமெரிக்கா அந்த ஏற்றுமதி விதிகளைத் தளர்த்திவிட்டது. காரணம் போன பிறகும் பழக்கம் இருபது ஆண்டு நீடித்தது. சட்டமும், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும், நிரல் விற்கும் தொழிலும் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டன. 2014-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த கோட்டைச் சீன ரசிகர்கள் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை என்று அதிபர் பார்க் குன்-ஹே கூட்டத்தில் குறைப்பட்ட பிறகுதான் விதிகள் அசைந்தன. அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழின் தனித்தகுதி 2020 டிசம்பரில்தான் சட்டப்படி ஒழிந்தது. 2022-இல் மைக்ரோசாஃப்ட் அந்த உலாவியை நிறுத்தியபோது, கியோங்ஜு நகரில் ஒரு கஃபேயின் மாடியில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் அதற்குக் கல்லறைக் கல் நட்டார். வாஷிங்டனில் எழுதிய ஒரு விதி சியோலில் பழக்கமாகி, அந்தப் பழக்கம் பிறகு ‘ஆசிய இயல்பு’ என்று திரும்பி வந்ததை இந்தக் கதையில் காணலாம்.

சீனாவில் ஈபே தோற்றதும் இப்படித்தான் பேசப்படுகிறது. 2003-இல் ஈச்நெட் என்ற சீன ஏலத் தளத்தை முழுமையாக வாங்கிய ஈபே, 2006 டிசம்பரில் தன் சீனத் தளத்தைக் கைவிட்டது. வென்றது அதே 2003-இல் அலிபாபா தொடங்கிய தாவ்பாவ். சீனர்கள் உறவை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள், பேரம் பேசாமல் வாங்க மாட்டார்கள், அதனால்தான் விற்பவரோடு அரட்டையடிக்க வசதி தந்த தாவ்பாவ் பிடித்துப்போனது என்று மேலாண்மைப் பாடநூல்கள் விளக்குகின்றன. பேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். அமெரிக்கருக்கும் பழைய கார் வாங்கும்போது பேரம் பிடிக்கும். ஈபே ஏன் அரட்டையைத் தரவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டணம் வாங்கும் தளம் அது. விற்பவரும் வாங்குபவரும் நேரே பேசிக்கொண்டால் தளத்துக்கு வெளியே விலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தாவ்பாவ் விற்பவரிடம் கட்டணம் வாங்கவில்லை, ஆகவே அவர்கள் பேசுவதில் அதற்கு நட்டமில்லை.

நம்பிக்கை என்ற சொல்லும் இந்த விவாதத்தில் தாராளமாகச் செலவாகிறது. முகம் தெரியாத கடைக்கு அட்டை எண்ணைத் தரும் துணிவு அமெரிக்கருக்கு எங்கிருந்து வந்தது? 1970-களில் வந்த கடன் சட்டங்களின்படி, அட்டையை வேறொருவர் முறைகேடாகப் பயன்படுத்தினால் உடையவரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது. பொருள் வராவிட்டால் அந்தத் தொகையைக் கட்டாமல் நிறுத்திவைத்து வழக்காடலாம். சீனாவில் அன்று கடன் அட்டையே அரிது. அலிபாபாவின் பணப் பரிமாற்றச் சேவையான அலிபே அந்த இடத்தை வேறு விதமாக நிரப்பியது: வாங்குபவரின் பணத்தைத் தன்னிடம் நிறுத்திவைத்து, பொருள் கைக்கு வந்ததாக அவர் சொன்ன பிறகே விற்பவருக்கு விட்டது. இரு நாட்டிலும் மனிதர்கள் அந்நியரை நம்பவில்லை, நடுவில் நின்ற ஏற்பாட்டைத்தான் நம்பினார்கள்.

கட்டணத்துக்கு நம் ஊரே சாட்சி. இந்தியாவில் 2003 மே மாதம் வரை செல்போனுக்கு வரும் அழைப்புக்கும் காசு போனது. அழைப்பவர் மட்டுமே கட்டுவது என்று விதி மாறிய பிறகு மிஸ்டு கால் தனி மொழியாகவே வளர்ந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் பஸ் ஏறியாயிற்று, இரண்டு ரிங் என்றால் நீயே கூப்பிடு. வங்கி இருப்பு கேட்பது முதல் கட்சியில் உறுப்பினராகச் சேருவது வரை அது போயிற்று. இதையே தொழிலாக்கிய பெங்களூரு நிறுவனமான ஜிப்டயலை 2015-இல் ட்விட்டர் வாங்கியது. அமெரிக்காவில் செல்போன் எண்களும் வீட்டுத் தொலைபேசி எண்களும் ஒரே ஊர்க் குறியீட்டில் இருந்தன. கூப்பிடுகிறவருக்குத் தான் செல்போனை அழைக்கிறோமா என்று தெரியாது, ஆகவே செலவு எடுப்பவர் தலையில் விழுந்தது. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும்கூட நெடுங்காலம் எடுப்பவரும் கட்டினார். இதில் ஆசியப் பண்பாடு எந்தப் பக்கம் நிற்கிறது?

இவ்வளவும் கழித்த பின் எஞ்சுவதற்கு ஜப்பானிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அந்த நாட்டுத் தகவல்தொடர்பு அமைச்சகத்தின் 2014 வெள்ளை அறிக்கைப்படி, ஜப்பானிய ட்விட்டர் பயனர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெயரை மறைத்து எழுதினார்கள். அமெரிக்காவிலும் கொரியாவிலும் அது மூன்றில் ஒரு பங்கு அளவே. 1999-இல் தொடங்கிய 2சேனல் என்ற பலகையில் பெரும்பாலோர் பெயரிலிகளாகவே எழுதிய பழக்கம் அங்கே வேரோடியிருக்கிறது. ஒரே கருவி, மூன்று நாட்டிலும் இலவசம், பெயர் சொல்லச் சட்டக் கட்டாயமும் ட்விட்டரில் இல்லை. கொரியாவைப் பற்றி ஒரு மறுப்பு எழலாம். பெரிய தளங்களில் கருத்து எழுத அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி அங்கே 2007-இல் வந்து, 2012-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தால் ரத்தானது. கொரியரின் பழக்கத்தில் அதன் தடம் கொஞ்சம் இருக்கக்கூடும். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள இடைவெளிக்கு அப்படி ஒரு விளக்கம் கைவசம் இல்லை.

சமூக உளவியலாளர் தோஷியோ யமகிஷி இந்த இடத்தில் உதவுகிறார். பொதுவாக மனிதர்களை நம்பலாமா என்ற கேள்விக்கு அமெரிக்கரே ஜப்பானியரைவிட அதிகமாக ஆம் என்கிறார்கள் என்று 1994-இல் மிடோரி யமகிஷியுடன் எழுதிய கட்டுரையில் காட்டினார். ஜப்பானில் பாதுகாப்பைத் தருவது நீண்டகால உறவு, அந்த வட்டத்தை விட்டு வெளியே போனால் நம்பிக்கை குறைவு என்பது அவர் விளக்கம். அலுவலக வட்டத்துக்குத் தெரியாமல் பேச வேண்டியவர் பெயரை மறைப்பது இதோடு பொருந்துகிறது. ஆனால் பாருங்கள், கூட்டுணர்வு மிக்கவர் அந்நியரையும் நம்புவார் என்ற பொது எண்ணத்தை இது தலைகீழாக்குகிறது. கொரியாவும் இதற்குள் எளிதில் அடங்குவதில்லை.

பண்பாடு கருவியைத் தீர்மானிப்பதைவிட, கருவி விற்பவர்களுக்குச் சரக்காகப் பயன்படுவதே அதிகம். 2014 சீனப் புத்தாண்டையொட்டி வீசாட் செயலி சிவப்பு உறைப் பணத்தைக் கொண்டுவந்தது. குழுவில் ஒருவர் தொகையைப் போட, மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுப்பார்கள், யாருக்கு எவ்வளவு என்பது குலுக்கல். பெரியவர் சிறியவருக்குத் தரும் பழைய வழக்கம் நண்பர்களின் சூதாட்டமாகிவிட்டது. கிடைத்த பணத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் வங்கி அட்டையை இணைக்க வேண்டும். நிறுவனம் குறிவைத்தது அந்த இணைப்பைத்தான்.

நம்மிடமும் மொய் இருக்கிறது. 2021-இல் மதுரைத் திருமண அழைப்பிதழ் ஒன்றில் பணம் செலுத்தும் கியூஆர் கோடு அச்சாகிச் செய்தியானது. ஆனால் சிவப்பு உறையைப் போல மொய்யை எந்தப் பெரிய செயலியும் வளைக்கவில்லை. யூபிஐயில் வங்கிக் கணக்கு முதல் நாளே இணைந்துவிடுவதால் அப்படி ஆசை காட்டத் தேவை இல்லாமல் போனது ஒரு காரணம். இன்னொன்று, மொய்யில் பணத்தைவிட ஏடு முக்கியம்: எந்த ஊர், யார் மகன், எவ்வளவு செய்தார் என்ற பதிவு இருந்தால்தான் அடுத்த விசேஷத்தில் திருப்பிச் செய்ய முடியும். குலுக்கல் இதற்கு ஆகாது. பெயரும் தொகையும் மட்டும் காட்டும் பரிவர்த்தனைப் பட்டியலும் ஆகாது. மதுரை, தேனிப் பக்கத்து மண்டபங்களில் மொய்யைக் கணினியில் பதிந்து, ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, ரசீது அச்சிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலிருந்தோ ஷென்சென்னிலிருந்தோ வராத அந்தச் சின்ன மென்பொருளைப் பற்றி ஒப்பீட்டு ஆய்வாளர்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.