யானைக்காலும் மூன்று மாத்திரைகளும்

இன்றைய பிள்ளைகளிடம் யானைக்கால் நோய் என்றால் பாடப் புத்தகத்தில் படம் பார்த்ததாகச் சொல்வார்கள். என் வயதுக்காரர்களுக்குப் படம் தேவையில்லை. கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் என்று எந்தப் பக்கம் போனாலும் வீங்கிய காலை இழுத்து நடப்பவர்கள் கண்ணில் படுவார்கள். பெண்கள் புடவையைத் தரையில் புரளக் கட்டிக் காலை மறைப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், அந்த வீட்டில் யாருக்காவது யானைக்கால் உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பரம்பரை நோய் என்பார்கள் சிலர். ஊர்த் தண்ணீர் சரியில்லை என்பார்கள் சிலர்.

இரண்டும் இல்லை. அது நூல் போன்ற ஒரு புழுவின் வேலை. நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து குஞ்சுகளை ரத்தத்தில் விடும். 1872ல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் அந்தக் குஞ்சுகளைக் கண்டார். சில ஆண்டுகளில், சீனாவில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் அவை கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டினார். நம் ஊரில் அந்தக் கொசு சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ்.

இந்தக் கொசு ராத்திரியில் கடிக்கும். புழுக்குஞ்சுகளும் ராத்திரியில்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் சோதனைக்கு ரத்தம் எடுப்பவர்களும் ராத்திரியில்தான் வருவார்கள். "ஒரு சொட்டுதாம்மா" என்று அவர்கள் கெஞ்ச, "நடுராத்திரியில ரத்தம் கேக்கிறவன் யாருடா?" என்று எங்கள் தெருப் பாட்டி கதவைச் சாத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

மருந்து டி.இ.சி. மாத்திரை. 1940களில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அது உருவானபோது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923ல் அமெரிக்கா போனவர். 1948ல் காலமானார்.

1955ல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ரத்தத்தில் புழு உள்ளவரைக் கண்டுபிடித்து 12 நாள் மாத்திரை கொடுப்பார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாதவர் எத்தனை நாள் விழுங்குவார்? பாதியில் நிறுத்திவிடுவார்.

பிறகு வழி மாறியது. இந்தப் புழு மனிதரிடம்தான் இனம் பெருக்கும். ஊரார் எல்லாரும் ஆண்டுக்கு ஒரு வேளை மாத்திரை போட்டு, அதைச் சில ஆண்டுகள் விடாமல் செய்தால், கொசு சுமந்து போக ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டில் இதை முதலில் செய்து பார்த்தது நம் கடலூர் மாவட்டத்தில், 1996ல். உலக சுகாதார சபை இந்த நோயை ஒழிக்கத் தீர்மானம் போட்டது அதற்கு அடுத்த ஆண்டு. 2004ல் நாடு முழுவதும் வந்தது; பின்னர் அல்பெண்டசோலும் சேர்ந்தது.

நான் அப்போது பள்ளி ஆசிரியர். வீடு வீடாக மாத்திரை கொடுக்கப் போனவர்களோடு எங்கள் பகுதியில் நானும் போனேன். பெரியவர்களுக்கு மூன்று மாத்திரை. "எனக்கு என்ன நோய் சார், மாத்திரை தின்ன?" என்பதுதான் எங்கும் கேள்வி. "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேன்" என்று வாங்கி மாடத்தில் வைப்பார்கள். அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். போட்ட சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தது. உள்ளே புழு செத்ததால் வந்த காய்ச்சல் அது. ஆனால் மாத்திரையே விஷம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு காலும் வீங்கிய பெரியவர் இருந்தார். மாத்திரை வேண்டாமென்று நின்ற பேரனிடம், "என் காலைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுடா" என்றார். அவன் அங்கேயே விழுங்கினான். அவரும் போட்டுக்கொண்டார், தன் கால் இனி வடியாது என்று தெரிந்தே.

அதுதான் இந்த வெற்றியின் மறுபக்கம். மாத்திரை பேரன்களைக் காத்தது. முற்றிப்போன காலை அதனால் திருப்பித் தர முடியவில்லை. அவர்களுக்கு வேண்டியது தினசரிக் கவனிப்பு: சோப்புப் போட்டுக் காலைக் கழுவுவது, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைப்பது, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது, சின்னப் புண்ணையும் உடனே கவனிப்பது. இதைச் செய்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு அரசின் மாத உதவித்தொகையும் உண்டு.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இன்னும் இருக்கலாம். புடவையோ வேட்டியோ மறைத்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போக ஒருவர் கிடைத்தால் அவருக்குப் பெரிய உதவி.