பர்மா பத்திரமும் துபாய் வீடும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் துபாயிலிருந்து பேசினான். "டீச்சர், இங்க வீடு வாங்கப்போறேன். வெளிநாட்டுக்காரங்களுக்கும் முதல் வீட்டுக்கு 80 சதவீதம் வரைக்கும் கடன் தர்றாங்க. மிச்சத்துக்குத் திருமங்கலம் வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். எனக்குப் பர்மா ஞாபகம் வந்தது. வகுப்பில் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டேனே என்று உறுத்தியது.

1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட்டார்கள். அந்த விவசாயிக்கு நிலத்தின் பேரில் பெருமளவு கடன் கொடுத்தவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்களுக்கு வேண்டியது வட்டிதான், வயல் அல்ல. ஆனால் 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், 1938-ல் 25 சதவீதம் ஆனது. தாத்தா திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரன். பர்மியருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை ஒரே ஆட்சியில் இருந்தவர்கள் அந்நியர் ஆனார்கள். 1948-ல் விடுதலை பெற்றதும் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. இருந்தும் நிலம் போனது.

1964-ல் கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அப்போது கப்பலேறி வந்தவர்களில் என் பெரியப்பா குடும்பமும் உண்டு. ரங்கூனில் இருந்தது எல்லாம் போய், தாத்தா விற்காமல் வைத்திருந்த திருமங்கலம் ஓட்டு வீட்டில்தான் வந்து இறங்கினார்கள்.

துபாய் பர்மா அல்ல, தெரியும். ஆனால் அந்நிய மண்ணில் விதி எப்போதும் அந்த நாட்டுக்காரர் கையில். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 முதல் 60 சதவீதம் கூடுதல் வரி. கனடா அதே ஆண்டு வெளிநாட்டவர் வீடு வாங்கவே பெரும்பாலும் தடை போட்டது.

அதனால் அவனிடம் சொன்னேன்: "தம்பி, வட்டி எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு. வேலை போனா விசாவும் தவணையும் என்ன ஆகும்? வித்தா பணத்தை ஊருக்குக் கொண்டுவர முடியுமா? எனக்கு ஒண்ணு ஆனா வீடு யாருக்கு? பதில் திருப்தியா இருந்தா தாராளமா வாங்கு. அம்மா இருக்குற வீட்டை மட்டும் விக்காதே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "யோசிக்கிறேன் டீச்சர்" என்றான்.

வெளிநாட்டில் கடன் போட்டு வீடு வாங்கிய பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவனும் படிப்பான்.