டெபியன் கடந்து வந்த பாதை

டெபியன் திட்டத்தின் வரலாறு 1993 ஆகஸ்ட் 16 அன்று தொடங்குகிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர் இயன் மர்டாக், லினக்ஸ் கெர்னலைக் கொண்டு முழுமையான ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அன்றுதான் அறிவித்தார். அந்நாளில் பலரும் பயன்படுத்திய எஸ்.எல்.எஸ். என்னும் லினக்ஸ் வழங்கலில் பிழைகள் மலிந்திருந்தன, திருத்துவார் இல்லை. தம் பெயரோடு, பின்னாளில் தம் துணைவியான டெப்ராவின் பெயரையும் சேர்த்துப் புதிய முயற்சிக்கு டெபியன் என்று பெயரிட்டார். பலர் கூடித் திறந்த முறையில் கட்ட வேண்டும், ஒவ்வொரு மென்பொருள் பொதியையும் பொறுப்புடன் பேண ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த வழி. தொடக்கக் காலத்தில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1994 நவம்பர் முதல் ஓராண்டு நிதியுதவி அளித்தது. அதன் பின் திட்டம் தன் காலிலேயே நின்றது.

1996-இல் முதல் தலைமை மாற்றம் நிகழ்ந்தது. மர்டாக் விலக, புரூஸ் பெரென்ஸ் பொறுப்பேற்றார். அவர் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் பணியாற்றியவர். டெபியன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டும் மரபு அவர் காலத்தில் வந்தது. இன்றுவரை அது மாறவில்லை. 1.0 என்ற எண்ணில் டெபியன் எதையும் வெளியிட்டதில்லை. முடிவுறாத வடிவத்தை வணிக நிறுவனம் ஒன்று அந்த எண்ணுடன் குறுவட்டில் விற்றுவிட்டதால், குழப்பம் நேராதிருக்க 1996 ஜூனில் வந்த பதிப்புக்கு 1.1 என்று எண்ணிட்டார்கள். அதில் இருந்தவை 474 பொதிகள்.

பெரென்ஸ் காலத்தின் பெரும்பேறு சமூக ஒப்பந்தம். 1997 ஜூன் மாதம் முழுவதும் உறுப்பினர்கள் அதன் வரிகளை விவாதித்துத் திருத்தினர். ஜூலை 5 அன்று ஏற்றுக்கொண்டனர். டெபியன் என்றும் முழுமையாகக் கட்டற்றதாகவே இருக்கும், செய்த மேம்பாடுகளைச் சமூகத்துக்கே திருப்பித் தரும், குறைகளை மறைக்காது, பயனர்களையும் கட்டற்ற மென்பொருளையுமே முதன்மையாகக் கொள்ளும், இந்த அளவுகோலுக்குள் வராதவற்றைத் தனியே பிரித்து வைக்கும். இந்த ஐந்து வாக்குறுதிகளோடு, எது கட்டற்ற மென்பொருள் என்பதை வரையறுக்கும் வழிகாட்டு நெறிகளும் சேர்ந்தன. மறு ஆண்டு அமைந்த ஓப்பன் சோர்ஸ் இயக்கம் தன் வரையறையாக எடுத்துக்கொண்டது இந்த நெறிகளைத்தான். டெபியன் என்ற பெயர் வரும் இடங்களை மட்டும் நீக்கிக்கொண்டது. நன்கொடைகளையும் சொத்துகளையும் காக்க 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பும் அதே 1997-இல் பதிவானது.

1998-இல் இயன் ஜாக்சன் தலைவரானார். பொதிகளை நிறுவும் டிபிகேஜி கருவியின் முதன்மைப் பகுதியை சி மொழியில் எழுதியவர், பிழை கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியவர் என்ற முறையில் ஏற்கெனவே டெபியனின் தூண்களில் ஒருவர். அவர் காலத்தில், 1998 டிசம்பரில், அமைப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. யாருக்கு என்ன அதிகாரம் என்பதை அவை எழுத்தில் வைத்தன. தலைவர் ஆண்டுதோறும் உறுப்பினர் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுவார். உறுப்பினர்கள் நினைத்தால் அவர் முடிவை வாக்கெடுப்பில் மாற்றலாம், அவரையே திரும்பப் பெறலாம். விருப்பமில்லாத வேலையைச் செய்யும்படி எவரையும் எவரும் கட்டாயப்படுத்த முடியாது. தலைவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. உறுப்பினர்களின் பொதுக் கருத்துக்கு இசைவாக அவர் முடிவெடுக்க வேண்டும், தம் சொந்தக் கருத்தை அளவுக்கு மீறி முன்னிறுத்தக் கூடாது என்றும் விதி சொல்கிறது. பயனருக்கான வாக்குறுதி முதலில், பதவிக்கான விதி அடுத்த ஆண்டில் என்ற இந்த வரிசைதான் டெபியனைக் காத்தது என்பது என் உறுதியான கருத்து. பின்னர் வந்த தலைவர் யாராயினும் அவருக்கு முன்பே அந்த வாக்குறுதி அங்கே இருந்தது.

விதிகளின்படி தேர்வான முதல் தலைவர் விச்சர்ட் அக்கர்மன். 2000-ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் முதல் டெப்கான்ஃப் மாநாடு நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 2.2 வெளியீட்டை ஜோயல் க்ளெக்கர் நினைவுக்குக் காணிக்கையாக்கினர். தசைகளைச் சிதைக்கும் டுஷென் நோயால் அந்த ஜூலையில் அவர் மறைந்தபோது வயது 21. டெபியனில் உழைத்த காலத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழித்தவர் என்பது உடன் பணியாற்றியவர்களில் பலருக்கும் அதுவரை தெரியாது. டெபியன் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது. பின்னர் 2009-இல் வந்த 5.0, சாலை விபத்தில் உயிரிழந்த தீமோ சாய்ஃபருக்குக் காணிக்கையானது.

ஒப்பந்தத்தின் மூன்றாம் வாக்குறுதிக்குச் சோதனை 2003 நவம்பரில் வந்தது. திட்டத்தின் நான்கு சேவையகங்களில் அந்நியர் ஊடுருவினர். அப்போதைய தலைவர் மார்ட்டின் மிக்கல்மேயர். ஊடுருவல் உடனே பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. பொதிக் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை என்பது ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டது. லினக்ஸ் கெர்னலில் இருந்த ஓர் ஓட்டை எத்தனை தீவிரமானது என்பதும் அந்த ஆய்வில்தான் உலகுக்குத் தெரிந்தது. 2008 மே மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் டெபியன் செய்த ஒரு மாற்றத்தால் உருவான குறியாக்கச் சாவிகள் வலுவற்றவை எனக் கண்டறியப்பட்டபோதும் இதுவே நடந்தது. எதையும் மறைக்காமல், சாவிகளை மாற்றும் வழியோடு சேர்த்தே எச்சரிக்கை வெளியானது. சோதனை வேறு வடிவிலும் வந்தது: 2002-இல் வந்த 3.0-க்கும் 2005-இல் வந்த 3.1-க்கும் இடையே ஏறத்தாழ மூன்றாண்டுக் காத்திருப்பு இருந்தது. அதையும் கடந்தனர்.

அடுத்த பத்தாண்டுகளில் தலைமைப் பொறுப்பு நாடு விட்டு நாடு சென்றது. இத்தாலியரான ஸ்டெஃபானோ சக்கிரோலி மூன்று முறை தொடர்ந்து தேர்வானார். பொதிகளைப் பேணாமல் மொழிபெயர்ப்பு, ஆவணம் போன்ற பணிகள் செய்வோரையும் முழு உறுப்பினர்களாக ஏற்பதென 2010 வாக்கெடுப்பு முடிவு செய்தது. 2014-இல் நடத்தை நெறிகள் வந்தன. 2015 டிசம்பர் 28 அன்று நிறுவனர் மர்டாக் மறைந்தார். 2017 ஜூனில் வெளிவந்த 9-ஆம் பதிப்பு அவருக்கே காணிக்கை. 2019-இல் தேர்தலுக்கு உரிய காலத்தில் ஒருவரும் வேட்பு மனு தரவில்லை. விதி காட்டிய வழியிலேயே காலம் நீட்டிக்கப்பட்டது, பலர் முன்வந்தனர், பார்வையற்றவரான சாம் ஹார்ட்மன் வென்றார். அரசியல் கட்சிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் தலைமை மாற்றம் என்றால் எத்தனை அமளி என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தென்னாப்பிரிக்காவின் ஜொனாதன் கார்ட்டர் 2020 முதல் நான்கு முறை தொடர்ந்து தேர்வாகி, மாநாடுகளும் இணையவழிக்கு மாறிய பெருந்தொற்றுக் காலத்தில் திட்டத்தை நடத்தினார். 2023 செப்டம்பரில் டெப்கான்ஃப் இந்தியாவுக்கு வந்தது. கேரளத்தின் கொச்சியில் கூடினோம். அந்த நாள்களிலேயே, உலாவின்போது நேர்ந்த விபத்தில் நம் இளம் தோழர் ஒருவரை இழந்தோம். 2024-இல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் டில்லே தலைமை ஏற்றார். அவர் காலத்தில், 2025 ஆகஸ்ட் 9 அன்று, 'ட்ரிக்ஸி' எனப்படும் 13-ஆம் பதிப்பு 69,000-க்கும் மேற்பட்ட பொதிகளுடன் வெளியானது. இன்று உபுண்டு, ராஸ்பெர்ரி பை இயங்குதளம் முதலிய எத்தனையோ வழங்கல்களுக்கு டெபியனே தாய்.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. டெபியன் நிறுவி பேசும் மொழிகளில் தமிழும் ஒன்று. ஒவ்வொரு வெளியீட்டிலும் மொழிபெயர்க்க வேண்டிய புதிய வரிகள் சேர்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்கும் உறுப்பினராகும் உரிமையும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் இங்கே உண்டு. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் மாணவ, மாணவியர் இந்த ஆண்டே அப்பணியில் ஒரு பகுதியை ஏற்க முன்வர வேண்டும்.