அரிசியும் இரப்பரும்: இலங்கையின் அணிசேராமைக்கு ஒரு தொடக்கம்

இலங்கையின் அணிசேராக் கொள்கை 1956-இல் பண்டாரநாயக்கா ஆட்சியேற்றதோடு தோன்றியது எனக் கூறுவாருளர். கொள்கை பெயர் பெற்றது அப்பொழுதே என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் வேரைக் காண விழைவார், பொதுவுடைமையை வெளிப்படையாகப் பகைத்த ஓர் அரசு 1952-இல் சீனத்தோடு செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையை நோக்குதல் வேண்டும்.

விடுதலைக்கு மூன்று திங்கள் முன்னரே, 1947 நவம்பரில், பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடு இலங்கை. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா வானூர்தித் தளமும் விடுதலைக்குப் பின்னும் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. இந்நாடு முழு விடுதலை பெற்றதன்று எனக் கருதிய சோவியத்து ஒன்றியம், ஐக்கிய நாடுகள் அவையில் அது சேர்வதைத் தன் மறுப்புரிமையால் தடுத்தது. 1955 டிசம்பரிலேயே இலங்கைக்கு அங்கு இடம் கிடைத்தது.

இத்தகைய நாட்டை வேறு வழியில் திருப்பியது சோறு. கொரியப் போரையொட்டி ஏறிய இரப்பர் விலை விரைவில் வீழ்ந்தது. அரிசி விலையோ உயர்ந்தது. தேயிலையும் இரப்பரும் தெங்கும் விற்று, உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியைப் பிற நாடுகளில் வாங்கிய இலங்கைக்கு இஃது இருபுறமும் இடியாயிற்று. அமெரிக்காவுடன் நடத்திய பேச்சுப் பயன் தரவில்லை. டட்லி சேனநாயக்கா அரசின் வாணிக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன்படி ஆண்டுதோறும் சீனம் 2,70,000 தொன் அரிசியும் இலங்கை 50,000 தொன் இரப்பரும் தருதல் வேண்டும். இரப்பருக்குச் சீனம் இசைந்த விலை அன்றைய உலகச் சந்தை விலையினும் மிகுதி.

போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனத்திற்கு அனுப்பலாகாது என ஐக்கிய நாடுகளின் பொதுப் பேரவை 1951 மே மாதத்திற் பரிந்துரைத்திருந்தது. அப்பேரவையில் இலங்கை உறுப்பினரன்று. தான் வாக்களியாத தீர்மானம் தன்னைக் கட்டாது என வாதிட அதற்கு இடமிருந்தது. சோவியத்து அடைத்த கதவு இவ்வாறு துணையாயிற்று! அமெரிக்காவோ தன் சட்டத்தைக் காட்டி 1956 வரை பொருளுதவியை மறுத்தது.

1953-இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்டு மாதத்தில் நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. டட்லி பதவி துறந்தார். அவர்க்குப் பின் வந்த சர் ஜோன் கொத்தலாவலை, 1955-இல் பாண்டுங் மாநாட்டில் கிழக்கு ஐரோப்பாவில் நிலவிய சோவியத்து மேலாதிக்கத்தையும் குடியேற்ற ஆதிக்கமென்றே சாடினார். ஆயினும், அரிசியால் ஓர் ஆட்சித் தலைவர் வீழ்ந்ததைக் கண்ட அவர் சீன உடன்படிக்கையை முறிக்கத் துணியவில்லை. பண்டாரநாயக்கா 1957-இல் பீக்கிங்குடன் தூதுறவு கொண்டதும், அவ்வாண்டிலேயே இரு தளங்களையும் மீட்டதும் இவ்வடித்தளத்தின் மேல் எழுந்தனவே என்பது எம் கருத்து. ஆட்சிகள் பல மாறியும் அவ்வுடன்படிக்கை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பெற்று 1982 வரை நின்றது.