காந்தளின் நஞ்சு

கீரனூரைச் சூழ்ந்த பழனி, ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் கம்பிப் பந்தல்களின்மேல் செங்காந்தள் பூத்து நிற்பதைக் காணலாம். உழவர்களுக்கு அது கண்வலிக் கிழங்கு. காலை வேளையில் பெண்கள் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். அப்போதுதான் காய் நன்கு பிடிக்கும். பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்ன சங்கப் புலவர்கள் இந்த விரல்களைக் கண்டாரில்லை.

குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் கபிலர் முதலில் வைத்தது செங்காந்தளையே. நாமோ அதை உவமையாகவும் முருகனுக்குரிய பூவாகவும் நடத்தி முடித்துவிடுகிறோம். விதையை எதற்காக விலைகொடுத்து வாங்கிச் செல்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

விடை, கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள். 1820இல் பெல்லெட்டியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் ஐரோப்பியக் கொல்கிகம் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். கீல்வாத மருந்தாக விளங்கிய இது உயிரணுப் பிரிவை நிறுத்துகிறது என்பதை, 1934இல் பிரசெல்ஸ் நகரில் டஸ்டின் எடுத்துக்காட்டினார்.

நிறுத்துவது எவ்வாறு? உயிரணு பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமின் மீதும் அமர்ந்த புரதத் திரள், இரு துருவங்களிலிருந்து நீளும் இழைகளைப் பற்றிக்கொள்ளும். அவ்விழைகள் ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கால்ச்சிசின் ட்யூபுலினோடு ஒட்டிக்கொள்ள, இழை வளர்வதில்லை. இதை 1967இல் போரிசியும் டெய்லரும் நிறுவினர். பற்றுக்கோடு இழந்த குரோமோசோமில் 'மேட் 2' முதலிய காவற்புரதங்கள் திரண்டு, பிரிவைத் தடுத்துவிடுகின்றன.

தடைபட்ட அந்நிலையில்தான் குரோமோசோம்களைத் தெளிவாக எண்ண முடிந்தது. 1955இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஜியோவும் லெவானும் கால்ச்சிசின் துணைகொண்டு, மனிதனுக்கு 48 அல்ல, 46 குரோமோசோம்கள் என்று கண்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சென்னையில் பயின்று கோவைக் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் இதே நஞ்சால் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்.

அளவு மிஞ்சினால் ஓயாது பிரியும் அணுக்களைக் கொண்ட குடலும் எலும்பு மஜ்ஜையும் சிதையும். இக்கிழங்கைத் தின்று மாண்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. அந்தச் செடியைத்தான் நாள்தோறும் அந்தப் பெண்கள் கையாள்கிறார்கள்.

இனி காந்தள் பாடலை நடத்துகையில், அவ்வுவமையோடு இவ்விரல்களையும் சேர்த்தே சொல்லுவோம்.