கோஸ்தானும் குடோனும்

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் தொழிற்பேட்டையில் சரக்கு லாரி பின்னோக்கி நகர்ந்து கிடங்கின் வாசலை நெருங்கும்போது, பின்னால் நின்று கையசைத்து வழிகாட்டுபவர் தமிழரானாலும் மலாய்க்காரரானாலும் சீனரானாலும், அவர் வாயில் வரும் சொல் பெரும்பாலும் ஒன்றே: "கோஸ்தான், கோஸ்தான்". இலண்டனிலிருந்து வந்த ஒருவருக்கு இது விளங்காது. ஆயினும் சொல் அவருடையதுதான். கப்பலைப் பின்புறமாகச் செலுத்துமாறு ஆணையிடும் "கோ அஸ்டர்ன்" என்ற மாலுமிக் கட்டளை கரையேறி, சாலைக்கு வந்து, மூன்று மொழியினரின் பேச்சிலும் "கோஸ்தான்" ஆகிவிட்டது. பிழையான ஆங்கிலம் என்று பள்ளிக்கூடங்கள் ஒதுக்கும் இத்தகைய சொற்களின் வரலாறு பினாங்கைப் பொறுத்தவரை துறைமுகத்தின் வரலாறாகவும் தோட்டத்தின் வரலாறாகவும் இருப்பதோடு, யாருடைய பிழை அகராதி ஏறியது, யாருடைய பிழை பிழையாகவே நின்றது என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டபோது அதற்கு "வேல்ஸ் இளவரசர் தீவு" என்று பெயரிட்டார். அப்பெயர் அரசாங்கத் தாள்களைத் தாண்டி அதிகம் புழங்கவில்லை. பாக்கைக் குறிக்கும் "பினாங்" என்ற மலாய்ச் சொல்லை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திரித்துச் சொன்ன "பெனாங்" என்ற வடிவமே நிலைத்தது. தீவின் துறைமுகத்தில் வந்து நின்ற கப்பல்களில் அதிகாரிகள் ஐரோப்பியராகவும், லஸ்கர்கள் எனப்பட்ட மாலுமிகள் சோழமண்டலக் கரை, வங்காளம், குஜராத், மலாய்த் தீவுகள் முதலிய பல இடங்களைச் சேர்ந்தவர்களாகவும் இருந்தமையால், கட்டளைகள் ஒரு கலப்பு மொழியில் நடந்தன. அம்மொழி அதிகாரிகளுக்கே பாடமாகத் தேவைப்பட்டது என்பதற்கு, தாமஸ் ரோபக் என்பவர் 1811இல் கல்கத்தாவில் வெளியிட்ட கப்பற்சொற்களுக்கான ஆங்கில–இந்துஸ்தானி அகராதியே சான்று. மாலுமிகளின் தலைவன் "சாரங்கு". அவனுக்கு அடுத்தவன் "தண்டல்". இவற்றுள் பின்னது ஆங்கிலத்தில் "டிண்டல்" என்றும், மலாயில் "தண்டில்" என்றும் உருமாறி, மலாயில் கூலிக்குழுவின் மேற்பார்வையாளரைக் குறிக்கலாயிற்று.

"கோ அஸ்டர்ன்" நீராவிக் காலத்துக்குரிய கட்டளை எனக் கொள்வதே பொருத்தம். பாய்மரக் கப்பலை நினைத்தவுடன் பின்னே செலுத்துவது எளிதன்று, இயந்திரத்தை எதிர்த்திசையில் சுழற்றும் வசதி வந்த பிறகே அது அன்றாட ஆணையாகியிருக்க முடியும். துறைமுகத்தில் படகோட்டியவரும் மூட்டை தூக்கியவரும் நாள்தோறும் கேட்ட அவ்வொலி, மோட்டார் வண்டி வந்தபோது அதற்கும் பொருந்திற்று. தமிழர் அதனோடு தம் வினையைச் சேர்த்துக் "கோஸ்தான் எடு", "கோஸ்தான் பண்ணு" என்று வழங்குகின்றனர். சொல்லின் இடையிலிருந்த ரகர ஒலி காணாமற்போனதைக் கல்லாதவர் நாவின் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் தென் இங்கிலாந்தின் கற்றோர் பேச்சில் தனக்குப் பின் உயிரொலி வராத ரகரம் ஒலிப்பதேயில்லை. மாலுமி எதைக் கேட்டானோ அதைத்தான் திருப்பிச் சொன்னான். எழுத்தைப் பார்த்துச் சொல்பவனைவிடக் காதால் கேட்டுச் சொல்பவன் சில வேளைகளில் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறான்.

அயற்சொல்லைத் தன் ஒலியமைப்புக்குள் அடக்கிக்கொள்வது தமிழுக்குப் புதிதன்று. வடசொல்லைத் தமிழெழுத்தால் ஆள வேண்டிய முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. எந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலாகும், எவை ஈறாகும் என்று நன்னூல் பட்டியலிடுகிறது. "ஸ்கூல்" என்பதன்முன் இகரம் சேர்வதும், "ஆபீஸ்" என்பதில் ஆங்கில ஒலி பகரமாவதும், "பஸ்" என்பதன் இறுதியில் உகரம் ஒட்டிக்கொள்வதும் அந்த இலக்கணம் நாவில் தொடர்ந்து வேலை செய்வதன் அடையாளங்கள்.

இதே செயலை ஆங்கிலேயர் தமிழ்ச் சொற்களின்மேல் செய்தபோது அதன் பெயர் வேறாயிற்று. கட்டுமரம் "கட்டமரான்" ஆயிற்று; சுருட்டு "ஷெரூட்" ஆயிற்று; மிளகுத் தண்ணீர் "மல்லிகடானி" என்னும் சூப்பாகி மேசையேறிற்று. இவற்றையெல்லாம் திரட்டி ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியத்துக்கு "ஹாப்சன்–ஜாப்சன்" என்று பெயர். முகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு எழுப்பப்படும் "யா ஹசன், யா ஹுசேன்" என்ற முழக்கம் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதமே அப்பெயர். அதாவது, அகராதியின் தலைப்பே ஓர் உச்சரிப்புப் பிழை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் சிப்பாய்கள் வழியாகப் பினாங்குக்கு வந்த அதே முகரம் மரபிலிருந்தே இங்கு "போரியா" என்ற பாட்டுக்கூத்து கிளைத்தது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இவ்வரிசையில் மாக் மண்டினுக்கு மிக நெருங்கிய சொல் "குடோன்". சரக்கு வைக்கும் இடத்தைக் குறிக்கும் தமிழ்க் "கிடங்கு", தெலுங்கின் "கிட்டங்கி" ஆகியவற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மலாய்ச் சொல் "குடாங்"; போர்த்துக்கீசியர் அதை எடுத்தாள, ஆங்கிலேயர் "கோடவுன்" என்று எழுதினர். "கீழே போ" என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் அதனுள் ஒளிந்திருப்பதாக அவர்களுக்கே தோன்றும்படி அவ்வெழுத்து அமைந்தது. பின்னர் அது "குடோன்" ஆகித் தமிழர் வாய்க்குத் திரும்பி வந்தது. தூய தமிழ் வேண்டுவோர் குடோனை நீக்கிக் கிடங்கை வைக்கச் சொல்லும்போது, வெளியூர் போய் உருமாறி வந்த பேரனை விரட்டிவிட்டுப் பாட்டனைத் திண்ணையில் அமர்த்துகிறார்கள் எனலாம்.

தீவுக்கு எதிரே, மாக் மண்டின் அமைந்துள்ள நிலப்பகுதி அக்காலத்தில் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்டது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பரவியபோது தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்தனர். படைவீரர் குடியிருப்பு வரிசைகளைக் குறித்த "லைன்ஸ்" என்ற ஆங்கிலச் சொல் தொழிலாளர் குடியிருப்புக்கும் ஆகிவர, அது தமிழில் "லயம்", "லயத்து வீடு" என்று வழங்கிற்று. குதிரை கட்டும் "லாயம்" அருகிலேயே நின்று அச்சொல்லுக்குக் கசப்பான ஒரு நிழலைத் தந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு, "பரேடு" என்பதிலிருந்து "பெரட்டு" ஆயிற்று. தோட்ட மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப்போட்டவர் "டிரசர்". மறுபக்கம், "கண்காணி" என்பதன் பேச்சுவடிவமான "கங்காணி"யை ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து ஆள் திரட்டிவரும் முறைக்கே அப்பெயரைச் சூட்டினர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின் முதன்மை பெற்ற அம்முறை, 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை நீடித்தது. தொழிலாளி சொன்ன "பெரட்டு" கொச்சையாக இருக்க, துரை சொன்ன "கங்கானி" சட்டத்தில் ஏறிற்று.

இவ்வேறுபாட்டைக் கூர்மைப்படுத்தியவை ஆங்கிலப் பள்ளிகள். 1816இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃப்ரீ ஸ்கூலும் அதன்பின் வந்த மிஷன் பள்ளிகளும் கற்பித்த ஆங்கிலம் குமாஸ்தா வேலைக்கான வாசலாக இருந்தமையால், உச்சரிப்பு ஒருவனுடைய வகுப்பைக் காட்டும் முத்திரையாயிற்று. ஆனால் பிழையெனத் திருத்தப்பட்டவற்றுட் சில உண்மையில் பழைய வழக்கின் எச்சங்கள். ஒருவர் வெளியூர் சென்றிருப்பதை மலேசியர் "அவுட்ஸ்டேஷன் போயிருக்கிறார்" என்பர். கம்பெனி அதிகாரி பணியமர்த்தப்பட்ட ஊரே அவருடைய "ஸ்டேஷன்" என்றிருந்த காலத்துச் சொல் அது. இங்கிலாந்துப் பேச்சுக்கு அந்நியமாகிவிட்ட பின்னும் பினாங்கு அதைக் காத்து வைத்திருக்கிறது.

மலாய் மொழி எடுத்த வழி வேறு. 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்துக்கும், மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல் ஏற்ற பொது எழுத்துமுறைக்கும் பிறகு, ஆங்கிலச் சொற்களை நா சொல்லும்படியே எழுதுவது அரசின் நெறியாயிற்று. பேருந்து "பாஸ்", நிலையம் "ஸ்தேசென்", டாக்சி "தெக்சி" என்று சாலைப் பலகைகளில் நிற்கின்றன. ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருக்கக்கூடிய வடிவங்களே அங்குச் சரியான எழுத்து.

தொழிற்பேட்டையில் சரக்கு இறக்கி முடிந்ததும் லாரிக்காரர் நீட்டும் சீட்டில் கம்பெனி முத்திரை விழ வேண்டும். "சாப் அடித்தாயிற்றா" என்பதே கேள்வி. இந்தியில் "சாப்" என்றிருந்த அச்சு, மலாயில் "சாப்" ஆகி, இப்பகுதியின் ஆங்கிலத்தில் இறைச்சித் துண்டைக் குறிக்கும் சொல்லின் எழுத்தைப் போர்த்திக்கொண்டது. தமிழ்நாட்டில் "சாப்பா குத்துதல்" என்று நடந்ததும் இதுவே. முத்திரை விழுந்த சீட்டோடு லாரி தெற்கே போனால் வரும் ஊரை மலாய்க்காரர் "பெராய்" என்றும், பழைய ஆங்கிலேயர் "ப்ராய்" என்றும் எழுதினர். தமிழர் அதைப் "பிறை" ஆக்கி வானத்து நிலவோடு சேர்த்துவிட்டார்கள். அங்குள்ள தமிழ்ப் பள்ளியின் பெயரும் அப்படியே எழுதப்படுகிறது.